அதிர்ச்சி அலைக்குப் பின்னே ஒளிரும் காற்று: அந்த ஒளியை அளப்பது எப்படி?

நாகர்கோவிலில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: “விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அதன் முன்னே இருக்கும் காற்று கடுமையாகச் சூடாகி, அதிலிருந்து வரும் கதிர்வீச்சும் கலத்தைச் சுடும் என்று படித்தேன். சில மைக்ரோ நொடிகளே நிலைக்கும் அந்தக் கதிர்வீச்சை ஆய்வுக்கூடத்தில் எப்படி அளக்கிறார்கள்? அது மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் கதிர்வீச்சைப் போன்றதா? எங்கள் கல்லூரியில் இதைச் சிறிய அளவிலாவது செய்து பார்க்க முடியுமா?” இந்தத் துறையின் கருவிகளோடு பல ஆண்டுகள் பழகி, இப்போது ஓய்வில் நாகர்கோவிலில் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மணலைப் பற்றிய கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். கதிர்வீச்சு என்றதும் குமரி மாவட்டத்தில் எவருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலும் அதிலுள்ள மோனசைட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. மோனசைட்டில் இருக்கும் தோரியத்தின் அணுக்கரு தானாகச் சிதைவதால் வெளிப்படுவது கதிரியக்கம். நாம் பேசுவதோ வெறும் ஒளி. தணல் நிறைந்த அடுப்பின் எதிரே உட்கார்ந்தால் காற்று படாமலே முகத்தில் உறைக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்தது. அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா ஆகிய மூன்றும் அதில் உண்டு. அணுக்கருவுக்கு அதில் வேலையே இல்லை. அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்களும், மூலக்கூறுகளின் அதிர்வும் சுழற்சியும்தான் அதை உண்டாக்குகின்றன.

காற்று சூடாவதற்கு உராய்வுதான் காரணம் என்று பல பாடப்புத்தகங்களே எழுதுகின்றன. உராய்வு ஓரளவு உண்டு. ஆனால் பெரும் சூடு வருவது அமுக்கத்தால். கலம் ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வருவதால் முன்னே இருக்கும் காற்றுக்கு விலகிக்கொள்ள எந்த முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. மிக மெல்லிய ஓர் எல்லையில், அதாவது அதிர்ச்சி அலையில், அது ஒரேயடியாக அமுங்கிச் சூடாகிறது. நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோ காற்று தாங்கும் இயக்க ஆற்றல் 50 மெகா ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள வெப்ப ஏற்புத்திறனையே வைத்துக் கணக்கிட்டால் வெப்பநிலை 50,000 கெல்வினை எட்ட வேண்டும். உண்மையில் காற்று சமநிலைக்கு வரும்போது அது ஏறத்தாழ 10,000 கெல்வினில்தான் நிற்கிறது. மிச்ச ஆற்றலில் பெரும்பகுதி மூலக்கூறுகளை உடைப்பதில் செலவாகிவிடுகிறது: ஆக்சிஜன் 2,500 கெல்வின் அளவிலேயே பிரியத் தொடங்குகிறது, நைட்ரஜன் 4,000 முதல் 9,000 கெல்வின் வரையில் பிரிகிறது, அதற்கு மேல் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின்தான் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒளியை மெனக்கெட்டு அளக்க வேண்டியதன் காரணம் வேகத்தில் இருக்கிறது. காற்று தொட்டுச் சுடும் வெப்பம் வேகத்தின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. கதிர்வீச்சு வெப்பமோ எட்டாம் அடுக்கையும் தாண்டி ஏறுகிறது. 2007 ஜனவரி 22 அன்று வங்கக் கடலில் இறங்கிய இந்தியாவின் எஸ்.ஆர்.இ-1 போல, தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து நொடிக்கு எட்டு கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தில் திரும்பும் கலங்களுக்குக் கதிர்வீச்சு பெரிய தலைவலி அல்ல. நிலவிலிருந்து திரும்பும் கலம் 11 கி.மீ. வேகத்தில் வரும், அங்கே கதை மாறிவிடுகிறது. நிலவு மண்ணை எடுத்து வரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருப்பதால் இந்தக் கேள்வி நமக்கும் உரியதே. இஸ்ரோவுக்கு கே. சிவன், வி. நாராயணன் போன்ற தலைவர்களைத் தந்த மாவட்டத்திலிருந்து இது வருவதில் எனக்கு வியப்பில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. கூர்மூக்கைவிட மழுங்கிய மூக்கே கலத்தைக் காக்கும் என்று அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலன் 1951-இல் கண்டார். மூக்கின் ஆரம் கூடினால் தொட்டுச் சுடும் வெப்பம் குறையும். ஆனால் ஆரம் கூடும்போது அலைக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள ஒளிரும் காற்றின் தடிமனும் கூடுவதால் கதிர்வீச்சு அதிகரிக்கிறது. எந்த ஆரம் சரி என்று முடிவு செய்ய, சூடான காற்றின் ஒரு கன சென்டிமீட்டர் எத்தனை வாட் ஒளியை உமிழ்கிறது என்ற எண் கையில் இருந்தாக வேண்டும். 1950-களின் பிற்பகுதியில் ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் நிறுவிய ஆவ்கோ-எவரெட் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் கெக், பென்னட் கிவெல் முதலியோர் இந்த எண்ணைத் தேடித்தான் அதிர்ச்சிக் குழாயின் பக்கம் போனார்கள். அன்று அவர்களைத் துரத்தியது நிலவுப் பயணத்தைவிட ஏவுகணை முனைகளின் அவசரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிர்ச்சிக் குழாய் பழைய கருவி; பிரான்சில் பால் வியேய் 1899-லேயே அதைக் கையாண்டார். நீண்ட உலோகக் குழாயை ஒரு மெல்லிய உலோகத் தகட்டால் இரண்டாகப் பிரிக்கிறோம். அந்தத் தகட்டை டயஃப்ரம் என்போம். ஒரு பக்கம் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் அல்லது ஹீலியம். மறுபக்கம் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று. டயஃப்ரம் கிழிந்ததும் இலேசான வாயு பாய்ந்து காற்றைத் தள்ள, காற்றுக்குள் அதிர்ச்சி அலை ஓடுகிறது. இலேசான வாயுவைத் தேர்வதன் காரணம் எளிது: அதில் ஒலியின் வேகம் அதிகம், ஆகவே அது விரைந்து தள்ளும். அதுவும் போதாதபோது அந்த வாயுவையே சூடாக்குகிறார்கள். ஆக்சிஜன் கலந்து எரிக்கலாம். ரே ஸ்டாக்கர் ஆஸ்திரேலியாவில் செய்தது போலக் கனமான பிஸ்டனை ஓடவிட்டு அமுக்கலாம். ஏம்ஸில் இருக்கும் மின்வில் அதிர்ச்சிக் குழாயைப் போல மின்தேக்கி வரிசையின் ஆற்றலை ஒரே வெட்டில் ஹீலியத்துக்குள் கொட்டலாம். டயஃப்ரத்தின் மேல் சிலுவை வடிவில் மெல்லிய காடி வெட்டியிருப்பார்கள். சரியாக வெட்டியிருந்தால் அது நான்கு இதழ்களாக, பூசணிப்பூ மலர்வது போல விரிந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; வெட்டு ஆழமாகிவிட்டால் இதழ் பிய்ந்து குழாய் முழுக்க ஓடி, கடைசியில் இருக்கும் கண்ணாடியை உடைக்கும்.

காற்றுப் பக்கத்தில் நாங்கள் வைக்கும் அழுத்தம் பெரும்பாலும் 0.1 முதல் 1 டார் வரை. 0.1 டார் என்பது ஏறத்தாழ 13 பாஸ்கல். தரையிலிருந்து 60 கி.மீ.க்கும் மேலே நிலவும் அழுத்தம் அது. ஆகவே கலம் உண்மையில் கடக்கும் காற்றையே குழாய்க்குள் அடைத்து வைத்திருக்கிறோம் எனலாம். கலத்தின் சிறு மாதிரி ஒன்றைச் சுரங்கம் போன்ற குழாய்க்குள் நிறுத்தி அதன்மேல் காற்றை வீசச் செய்யும் சோதனையும் உண்டு; திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் அதற்கான அதிர்ச்சிச் சுரங்கங்கள் உள்ளன. கதிர்வீச்சை மட்டும் தனியாக அளக்க வேண்டுமென்றால் மாதிரி தேவையில்லை. குழாயில் ஓடும் அலையையே, அது கடந்துபோகும் நொடியில், பக்கவாட்டுச் சாளரம் வழியாகப் பார்த்தால் போதும்.

கடந்துபோகும் நொடி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். 10 கி.மீ. வேகத்தில் அலை ஒரு மைக்ரோ நொடியில் ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. அலைக்கும், பின்னால் தள்ளிவரும் ஹீலியத்துக்கும் இடையில் மாட்டியிருக்கும் சுத்தமான சூட்டுக் காற்று சில சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஆக நமக்குக் கிடைக்கும் நேரம் சில மைக்ரோ நொடிகள். கண் இமைப்பதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான சோதனைகள் முடிந்துவிடும். முற்காலத்தில் சுழலும் உருளையில் படச்சுருளைக் கட்டியும், ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாயை, அந்தத் துடிப்பை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்போடு இணைத்தும் இந்த இமைப்பைப் பிடித்தார்கள். இன்று, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியின் பின்னால் ஒளியைப் பெருக்கும் கேமராவை வைத்து, அதை அரை மைக்ரோ நொடி அளவுக்கு மட்டும் திறந்து மூடுகிறோம். கிடைக்கும் படத்தில் ஓர் அச்சு அலைநீளம், மற்றோர் அச்சு குழாயின் நீளவாட்டம். அலையின் முகத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பின்னால் எந்த நிறம் எவ்வளவு என்பது ஒரே படத்தில் பதிந்துவிடுகிறது.

ஒளியைப் பிடிப்பது இந்த வேலையில் எளிய பாதி என்றே சொல்வேன். பிடித்த ஒளி எந்த நிலையில் உள்ள காற்றினுடையது, அது காற்றினுடையதுதானா, எத்தனை வாட் என்ற மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாவிட்டால் கையில் இருப்பது அழகான படம் மட்டுமே.

காற்றின் நிலையை அறிய வெப்பநிலைமானியை உள்ளே நீட்ட முடியாது. அலையின் வேகத்தை அளந்து, நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழியாமை விதிகளிலிருந்து அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றையும் கணக்கிடுகிறோம். எத்தனை விழுக்காடு அயனியாகியிருக்கும் என்பதற்கு மேக்நாத் சாஹா 1920-இல் தந்த சமன்பாடு இருக்கிறது; விண்மீன்களுக்காக அவர் எழுதியது இந்தக் குழாய்க்கும் அப்படியே பொருந்துகிறது. வேகத்தை அளக்கக் குழாயின் சுவரில் வரிசையாக அழுத்த உணரிகள் உண்டு. உணரிகளுக்கு இடையே 30 செ.மீ. என்றால் 10 கி.மீ. வேகத்தில் அலை கடக்க 30 மைக்ரோ நொடி ஆகும், அதில் 0.3 மைக்ரோ நொடி பிசகினால் வேகத்தில் ஒரு விழுக்காடு பிழை. எட்டாம் அடுக்கை நினைவில் வையுங்கள்: அந்த ஒரு விழுக்காடு, கதிர்வீச்சில் எட்டு விழுக்காடாகவோ அதற்கு மேலாகவோ வந்து நிற்கும்.

அடுத்து, ஒளி காற்றினுடையதுதானா என்பது. சூடான காற்றுக்கென்று கைரேகை உண்டு. அயனியான நைட்ரஜன் மூலக்கூறு 391 நானோமீட்டரில் ஊதாப் பட்டை தரும். நைட்ரிக் ஆக்சைடு புற ஊதாவில் ஒளிரும். ஆக்சிஜன் அணு 777 நானோமீட்டரில் நெருக்கமான மூன்று கோடுகளைத் தரும். நைட்ரஜன் அணுவின் கோடுகள் அகச்சிவப்பின் தொடக்கத்தில் கூட்டமாக வரும். இவற்றோடு அழைக்காமல் வரும் விருந்தாளிகளும் உண்டு. 388 நானோமீட்டரில், கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோஜனின் பட்டை தெரிந்தால் குழாயில் எங்கோ கார்பன் இருக்கிறது என்று பொருள். வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவியாக இருக்கலாம், இணைப்புகளில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்காக இருக்கலாம். நம் குலசேகரத்து ரப்பருக்கு எல்லாப் பெருமையும் உண்டு, ஆனால் அதிர்ச்சிக் குழாய்க்குள் எந்த ஊர் ரப்பரும் எதிரிதான். சயனோஜன் மிகப் பிரகாசமாக ஒளிரும் பொருள். துளியளவு இருந்தாலும் பக்கத்து 391 பட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அளவைக் கெடுத்துவிடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நொடிக்கு 5 கி.மீ. அளவிலான சோதனைகளில், 589 நானோமீட்டரில் சோடியத்தின் மஞ்சள் இரட்டைக்கோடு விடாமல் வந்துகொண்டிருந்தது. கடற்கரையை ஒட்டிய ஆய்வுக்கூடம் என்பதால் உப்புக் காற்றுதான் காரணம் என்று முடிவு கட்டி, காற்று உள்ளே வரும் வழியில் வடிகட்டிமேல் வடிகட்டியாக வைத்தோம். கோடு போகவில்லை. ஒரு நாள் விடுப்பில் போன என் இடத்தில் வேறொருவர் டயஃப்ரம் மாட்டினார். அன்று கோடு மிக மங்கலாக வந்தது. எனக்குக் கைவியர்வை அதிகம். கையுறை போடாமல் டயஃப்ரத்தின் விளிம்பைப் பிடித்து மாட்டியது நான்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் குழாயைத் திறந்து, ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியை நீண்ட கம்பியில் சுற்றி, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுத்தோம். முதல் துணி கரி பிடித்த சட்டியைத் துடைத்தது போல வரும். ஏழாவது எட்டாவது துணியில்தான் நிம்மதி. இத்துறையில் விலை உயர்ந்த நிறமாலைமானியைவிட இந்தத் துணியை நான் மதிக்கிறேன்.

எத்தனை வாட் என்பதுதான் மூன்றாவது. கேமரா தருவது வெறும் எண்ணிக்கை. அதை வாட்டாக மாற்ற, ஒளிர்வு முன்பே தெரிந்த விளக்கு ஒன்றை, அலை கடக்கும் அதே இடத்தில், அதே சாளரமும் அதே கண்ணாடிகளும் குறுக்கே இருக்க, வைத்துப் பதிவு செய்து ஒப்பிடுகிறோம். பழைய நாட்களில் டங்ஸ்டன் நாடா விளக்கு. இப்போது உட்புறம் வெள்ளைப் பூச்சுள்ள ஒளிக்கோளம். விளக்கின் சிக்கல் புற ஊதாவில் தெரியும். 2,800 கெல்வினில் எரியும் டங்ஸ்டன் 250 நானோமீட்டரில் தருவது, 600 நானோமீட்டரில் தருவதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மேலும், விளக்கின் வெப்பநிலையை ஒரு விழுக்காடு தவறாக எடுத்துக்கொண்டால் 600-இல் ஒளிர்வு ஒன்பது விழுக்காட்டுக்குள் பிசகும்; 250-இல் பிசகு இருபது விழுக்காடு. சூடான பொருள் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிரும் என்று சொல்லும் பிளாங்க் சூத்திரத்தில் எண்களைப் போட்டு நீங்களே இதைச் சரிபார்க்கலாம், தம்பி. ஒரு மாலைப்பொழுது போதும்.

அதற்கும் கீழே, 200 நானோமீட்டருக்குக் குறைவான பகுதியில், சங்கடம் வேறு. நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் மிக வலுவான கோடுகள் 120 முதல் 175 நானோமீட்டர் வரையில் இருக்கின்றன. நிலவிலிருந்து திரும்பும் வேகத்தில் கதிர்வீச்சின் பெரும் பங்கை இந்தப் பகுதி சுமக்கிறது. ஆனால் அறைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே அந்த ஒளியை விழுங்கிவிடும். ஆகவே சாளரத்திலிருந்து கேமரா வரையிலான ஒளிப்பாதை முழுவதையும் வெற்றிடமாக்க வேண்டும். குவார்ட்ஸும் இங்கே கைவிட்டுவிடும். மக்னீசியம் ஃபுளோரைடு அல்லது லித்தியம் ஃபுளோரைடு சாளரம் தேவை. ஒப்பிடும் விளக்கும் டங்ஸ்டன் அல்ல, டியூட்டீரியம். ஆரம்பகால அளவீடுகள் பல, கண்ணுக்குத் தெரியும் பகுதியைச் சிறப்பாக அளந்துவிட்டு இந்தப் பகுதியைக் கணக்கிலேயே விட்டதற்கு இந்தச் சங்கடம்தான் காரணம், சோம்பல் இல்லை.

இந்தப் பகுதியே ஒரு சோதனைக் கல்லாகவும் உதவும். கரும்பொருள் என்பது தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சி, அந்த வெப்பநிலைக்கு இயன்ற உச்ச ஒளியை உமிழும் கற்பனைப் பொருள். 10,000 கெல்வினில் உள்ள கரும்பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 57,000 வாட் உமிழும். சூடான காற்று அதில் சிறு பங்கையே உமிழ்கிறது, ஏனெனில் பெரும்பாலான அலைநீளங்களில் அது கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிறது. ஆனால் மேற்சொன்ன வலுவான கோடுகளின் மையத்தில் காற்று தன் ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு அடர்ந்துவிடுவதால், அங்கே ஒளிர்வு கரும்பொருள் வரம்பைத் தொட்டு நின்றுவிடும். அந்த உயரத்தை அளந்தால் வெப்பநிலை நேரடியாகக் கிடைக்கிறது. வேகத்திலிருந்து கணக்கிட்ட வெப்பநிலையும் இதுவும் ஒத்துப்போகும் நாளில் இரவில் நன்றாகத் தூக்கம் வரும்.

அலையின் முகத்தை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. மூலக்கூறுகள் உடைவதற்குச் சற்று நேரம் பிடிப்பதால், அதற்குள் வெப்பநிலை சமநிலை அளவைத் தாண்டி மேலே போய்விட்டுத் திரும்புகிறது. ஒளியும் ஒரு முகடு கட்டிவிட்டுத் தணிகிறது. அந்த முகட்டின் மொத்த ஒளி காற்றின் அடர்த்தியை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை என்று 1960-களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். அடர்த்தி பாதியானால் முகடு உயரத்தில் குறைந்து அகலத்தில் கூடிவிடுகிறது.

குழாயில் அளந்தது வானத்தில் பொருந்துமா என்று பார்க்கவும் செய்தார்கள். 1965 மே 22 அன்று ஃபயர்-2 என்ற சிறு கலத்தை, கீழ்நோக்கிய ராக்கெட் உந்துதலோடு, நொடிக்கு 11 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் அட்லாண்டிக்கின் மேல் காற்றுக்குள் செலுத்தினார்கள். அதன் முகப்பில் மூன்று பெரிலியக் கவசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஒன்று உருகத் தொடங்கும்போது அதைக் கழற்றிவிட்டு அடுத்ததைக் காட்டும் ஏற்பாடு. நடுவில் இருந்த சாளரம் வழியாக ஒளியளவிகள் காற்றின் ஒளியைப் பதிவு செய்தன. இன்றும் புதிய கணிப்பு நிரல் எழுதுகிறவர்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தப் பயணத்தோடுதான். பிறகு 2006 ஜனவரி 15 அன்று, வால்மீன் தூசியை எடுத்துவந்த ஸ்டார்டஸ்ட் கூடு 12 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் திரும்பியபோது, விமானத்தில் நிறமாலைமானிகளை வைத்துக்கொண்டு ஒரு குழு அதன் ஒளியை வெளியிலிருந்து பிடித்தது.

இனி உங்கள் கல்லூரி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கே. பி. ஜே. ரெட்டி வடிவமைத்த, கையால் பிஸ்டனைத் தள்ளி இயக்கும் எளிய அதிர்ச்சிக் குழாய் ஒன்று உண்டு; ரெட்டி குழாய் என்றே அதற்குப் பெயர். அது போன்ற ஒன்றை உங்கள் பட்டறையில் கடைந்துவிடலாம், பேராசிரியர் ஒருவர் உடன் இருக்கட்டும். மாக் 1.5 அளவிலான, அதாவது ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகமுள்ள, அலை கிடைத்தால் அதன் பின்னே காற்று 120 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும், ஒளிராது. ஆகவே குழாயில் உணரிகளை வைத்து வேகம் அளக்கப் பழகுங்கள். ஒளியைத் தனியாகப் பழகலாம். பழைய சி.டி. ஒன்றின் துண்டை ஒளியை நிறங்களாகப் பிரிக்க வைத்து, அட்டைப் பெட்டியில் மெல்லிய பிளவு வெட்டி, கைபேசிக் கேமராவைப் பொருத்தினால் பயன்படக்கூடிய நிறமாலைமானி தயார். வாயு பர்னரின் நீலச் சுடரை முதலில் பதிவு செய்யுங்கள்; பிறகு புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு ஒரு பொடியை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். உப்பு காட்டாத முதல் படத்திலேயே மஞ்சள் கோடு மங்கலாகத் தெரிந்தால், கையைக் கழுவி, பர்னரைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.